சனிக்கிழமைக் கொடி

ஆல்டர்பாட்டத்தில் ஜேபஸ் ஆர்மராட்டைப் பற்றி ஒரு குறை சொல்லிவிட்டு, சொன்னவன் பல் முழுசாக வீடு போய்ச் சேர முடியாது. மனுஷனுக்கு அப்படி ஒரு செல்வாக்கு. பஞ்சாலை முதலாளியைத் தொழிலாளி மனசாரக் கும்பிடுவது அந்தப் பள்ளத்தாக்கில் வேறெங்கும் நடக்காத அதிசயம்.

அவருடைய அப்பா வேறு மாதிரி. ஆலைக்குள் சீட்டியடித்தால் அபராதம், ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தால் அபராதம் என்று ஆண்ட கிழவர். அவர் பெட்டி குழிக்குள் இறங்கிய அதே மாதம் மகன் ஆற்றோரப் புல்வெளியை விலைக்கு வாங்கினார். ஆலையில் கழித்துப்போட்ட கொதிகலன் தகட்டை வளைத்து உருளை செய்து, மூன்று குதிரைகளைப் பூட்டி, நிலத்தை மேஜை மாதிரி நிரவினார். நடுவில் கிரிக்கெட் ஆடுகளம், சுற்றிலும் ஓட்டத் தடம், மரத்தடியில் கயிறு இழுக்க ஒரு இடம், மழைக்கு ஒதுங்கப் பலகைக் கொட்டகை. சபைப் பெரியவர்கள் சும்மா இருப்பார்களா? உடம்பை ஆட விட்டால் ஆத்துமா என்ன கதி ஆகும் என்று எகிறிக்கொண்டு வந்தார்கள்.

"சனிக்கிழமை சம்பளத்தோட சாராயக் கடைக்குப் போறவன நான் புல்வெளிக்குத் திருப்பறேன். ஞாயித்துக்கிழமை அவன ஜெபத்துக்குத் திருப்பறது உங்க சாமர்த்தியம்" என்றார் ஜேபஸ். அடுத்த மாதமே அந்தப் பெரியவர்களில் இரண்டு பேர் முன்வரிசை பெஞ்சில் உட்கார்ந்து நடுவரைத் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

இத்தனை செய்தவருக்கு ஆடத் தெரியாது. சின்ன வயதில் ஆட விட்டால்தானே? நாற்பது வயதில் மட்டையைப் பிடித்தால் துடைப்பத்தைப் பிடித்த மாதிரி இருக்கும். அவருக்குத் தெரிந்ததெல்லாம் நேரம் பார்ப்பது. விசையை அழுத்தினால் ஓடி, மறுபடி அழுத்தினால் நிற்கும் கடிகாரம் ஒன்று சட்டைப் பையில் எப்போதும் இருக்கும். யார் எதைச் செய்தாலும் எத்தனை நிமிடம் என்று பார்த்தாக வேண்டும் அவருக்கு. அந்தப் பைத்தியத்தில் பிறந்ததுதான் சனிக்கிழமைக் கொடி.

சனிக்கிழமை ஆலைச் சங்கு ஒரு மணிக்கு ஊதும். அதற்கு முந்தின ஒரு மணி நேரம் இயந்திரங்களைத் துடைத்துச் சுத்தம் செய்யும் நேரம். ஆலையில் நான்கு தளம், தளத்துக்கு ஒரு நிறக் கொடி. எந்தத் தளம் முதலில் துடைத்து முடிக்கிறதோ அவர்கள் சங்குக்குக் காத்திருக்க வேண்டாம், அந்த நிமிடமே வெளியே போகலாம். அவர்கள் கொடி அன்று மாலை மைதானத்துக் கம்பத்தில் பறக்கும், கொட்டகையில் நிழலான பெஞ்சு அவர்களுக்குத்தான். மற்ற முதலாளிகள் சவுக்கெடுத்து வாங்குகிற வேலையை இவர் ஒரு முழத் துணியைக் காட்டி வாங்கினார். ஊருக்குத் தலைகால் புரியவில்லை. முதல் வருஷம் ஒரு மணி நேரம் பிடித்த துடைப்பு மறு வருஷம் ஐம்பது நிமிடம் ஆனது. பிறகு நாற்பது. பிறகு முப்பத்தைந்து. ஜேபஸ் முற்றத்தில் கடிகாரத்தோடு நின்று பூரித்துப் போவார்.

நீராவி எஞ்சின் நிற்பதோ ஒரு மணிக்குத்தான். அதுவரை எல்லாச் சக்கரமும் ஓடிக்கொண்டே இருக்கும். அப்படி இருக்க, முப்பத்தைந்து நிமிடத்தில் துடைப்பு எப்படி முடிகிறது? ஒரு நாள், ஒரே ஒரு நாள் மாடியேறிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பல்சக்கர மூடிகளைக் கழற்றி வைத்துவிட்டு, ஓட ஓடத் துடைத்தார்கள். அதைப் பெண்களை வைத்துச் செய்யக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. ஜேபஸ் மாடியேறவில்லை. பெரிய மனுஷர்களுக்குத் தெரியாமல் இருப்பதில் ஒரு சௌகரியம் உண்டு.

அந்த மே மாதச் சனிக்கிழமை கோப்பைக்கான அரையிறுதி, பக்கத்து ஊர் பிரிக்கன்ஷாவில். பன்னிரண்டு நாற்பதுக்கு ரயில். ஆட்டக்காரர்கள் பதினொரு பேரில் நான்கு பேர் பஞ்சைச் சீவும் கார்டிங் தளத்துக்காரர்கள். ஈனாக் பில்லிங் அவர்களில் ஒருவன், வேகப்பந்து போடுகிறவன். நாலு பேரும் பன்னிரண்டேகாலுக்கே கிளம்பிவிட்டார்கள். அவர்கள் பங்குத் துடைப்பு பெண்கள் தலையில். அது வழக்கம்தான். ஜேபஸுக்கும் தெரியும், என்ன ஒற்றுமை பார்த்தாயா என்று விருந்தாளிகளிடம் பெருமையாகச் சொல்லியும் இருக்கிறார்.

பன்னிரண்டரை தாண்டியதும் கார்டிங் தளத்திலிருந்து ஒரு பெரிய கூச்சல் கேட்டது. முற்றத்தில் நின்ற ஜேபஸ் விசையை அழுத்தினார். முப்பத்தொரு நிமிடம்! இதுவரை எவனும் தொடாத கணக்கு. தாமே ஓடிப்போய் சிவப்புக் கொடியை எடுத்து, வாய்கொள்ளாச் சிரிப்போடு, மைதானத்துக்கு எடுத்துப் போக வைத்திருந்த கழியில் கட்டி உயரத் தூக்கிப் பிடித்தார். அப்போதுதான் மேஸ்திரி சைலஸ் பாம்பர் படியிறங்கி வந்தான். அவன் முன்துணி முழுக்க ரத்தம்.

"ஐயா... கெசையாவோட கை" என்றான்.

ஈனாக்கின் அக்கா கெசையா. தம்பி விட்டுப்போன இயந்திரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தவள். கையில் இருந்த கழிவுப் பஞ்சைப் பல்சக்கரம் கவ்வியது, பஞ்சோடு கையும் போனது. வலக்கையில் மூன்று விரல் இல்லை. அந்தக் கூச்சல் அதற்கு எழுந்தது. ஜேபஸ் கொடியைக் கீழே இறக்கக்கூடத் தோன்றாமல் நின்றார். தூக்குக் கட்டிலில் அவளை முற்றத்தைத் தாண்டி எடுத்துப் போனபோது அவள் கண்ணைத் திறந்து கொடியைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வையை அவர் அதற்குப் பிறகு ஒரு வேளைச் சோற்றிலும் மறக்கவில்லை.

பிரிக்கன்ஷாவில் ஈனாக் அன்று ஏழு விக்கெட் எடுத்தான். விஷயம் தெரியாமல் பாடிக்கொண்டே ரயிலிறங்கினான், பாவி.

திங்கட்கிழமை காலையில் மேஸ்திரி பாம்பர் ஒரு தாளோடு முதலாளியின் அறைக்கு வந்தான்.

"புதன்கிழமை மான்செஸ்டர்லேருந்து சர்க்கார் ஆய்வாளர் வர்றாராம். நான் எல்லாம் எழுதி வச்சுட்டேன். சொல்லச் சொல்லக் கேக்காம அவளே மூடியக் கழட்டிக் கைய விட்டுட்டான்னு. தளத்துல எல்லாரும் அப்படியே சொல்றதாப் பேச்சு. கையெழுத்துக்கு அவ ஒரு குறி போட்டாப் போதும்."

"நீ சொன்னியா? கைய விடாதேன்னு?"

பாம்பர் தொப்பியைத் திருகினான். "சுவத்துல எழுதித் தொங்குதே ஐயா."

"சுவத்த விடு. நீ சொன்னியா?"

"சொல்லியிருந்தா நம்ம கொடி எப்படி ஏறும்?" என்றான் பாம்பர் வெள்ளந்தியாக. ஜேபஸுக்கு யாரோ கன்னத்தில் அறைந்தாற்போல் இருந்தது. தாளை வாங்கி மேஜைக்குள் போட்டுவிட்டு, தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

கெசையா வீட்டு வாசலில் ஈனாக் மண்டியிட்டுப் படியைக் கல்லால் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தான். அந்தத் தெருவில் ஆம்பிளை படி தேய்த்து யாரும் பார்த்ததில்லை. எதிர்வீட்டுக்காரி, "ஓரத்துல விட்டுட்டியே ராசா, அங்கயும் ஒரு பந்து போடு" என்று கேலி பேசிக்கொண்டிருந்தாள். முதலாளியைக் கண்டதும் வாயை மூடிக்கொண்டு உள்ளே போனாள். ஈனாக் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. சற்று நகர்ந்து வழி விட்டான்.

கெசையா அடுப்போரம் உட்கார்ந்திருந்தாள். முப்பத்தாறு வயது. தாயில்லாத தம்பியை வளர்க்கக் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டு, பிறகு அதை மறந்தே போனவள். கட்டுப் போட்ட கை மடியில் கிடந்தது. ஜேபஸ் கொண்டுவந்திருந்த பன்றித் தொடைக்கறியையும் திராட்சை ஜெல்லியையும் எங்கே வைப்பது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அங்க வைங்க" என்றாள். "மேஸ்திரி வந்துட்டுப் போனாரு."

"என்ன சொன்னான்?"

"என் தப்புன்னு குறி போடணுமாம். போடலேன்னா ஆய்வாளரு சனிக்கிழமைப் பந்தயத்தையே நிறுத்திடுவாராம். கோப்பை ஆட்டத்துக்கு ரயில் பிடிக்க முடியாதாம். ஊரே என் மூஞ்சில காறித் துப்புமாம்." அவள் குரலில் அழுகை இல்லை, அதுதான் கேட்கக் கஷ்டமாக இருந்தது. "குறி போட்டா என்னாகும்னு அவரு சொல்லல. எனக்கே தெரியும். சொன்ன பேச்சு கேக்காம இயந்திரத்துல கைய விட்டவன்னு தாள்ல இருந்தா, இந்தப் பள்ளத்தாக்குல எந்த ஆலையும் என்னத் தரை பெருக்கக்கூடச் சேக்காது. மிச்ச ரெண்டு விரல வச்சுக்கிட்டு நான் என்ன ஐயா பண்ணுவேன்?"

ஜேபஸ் கொண்டுவந்ததை ஒருவழியாக மேஜையில் வைத்தார். "நீ குறி போட வேணாம் கெசையா. உன் தப்பு இல்ல. என் பந்தயம், என் கொடி. புதன்கிழமை அந்த ஆய்வாளர்கிட்ட நானே சொல்றேன்."

"சொல்வீங்களா?"

"சத்தியமா."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "அப்ப நீங்க முதல்ல சொல்லுங்க. பின்னாடியே நானும் சொல்றேன். முதலாளி வாயத் திறக்காம நான் மட்டும் சொன்னா எவன் நம்புவான்?"

படியிறங்கும்போது ஈனாக் பின்னால் வந்தான். "நான் தொடச்சிருக்கணும் ஐயா. அது என் இயந்திரம்" என்றான், கல்லைக் கையில் உருட்டியபடி. ஜேபஸ் அவன் தோளைத் தட்டிக்கொடுத்தார். தட்டிய பிறகுதான், தட்டிக்கொடுக்கத் தமக்கு என்ன யோக்கியதை என்று உறைத்தது.

புதன்கிழமை ஆய்வாளர் லெஸ்ஸிங்ஹாம் வந்தார். கடுகடுவென்று ஒருவர் வருவார், நாலு அதட்டு அதட்டுவார், சொல்லிவிடலாம் என்று ஜேபஸ் மனசைத் திடப்படுத்தி வைத்திருந்தார். வந்தவரோ சிரித்த முகம். வண்டியை விட்டு இறங்கியதும், "ஆர்மராட், உங்க மைதானத்த முதல்ல காட்டுங்க!" என்றார். பள்ளிக்கூட நாளில் ஆட்டக்காரராம். புல்லைக் குனிந்து தடவினார், மண்ணை விரலால் அழுத்தினார், கொட்டகையைச் சுற்றி வந்தார். "நாட்டுல இருக்கற முதலாளி அத்தன பேரையும் இங்க கூட்டிட்டு வந்து காட்டணும். என் அறிக்கைல தனியா ஒரு பக்கம் உங்களப் பத்தி எழுதப்போறேன்" என்றார்.

அந்த ஒரு பக்கம்தான் ஜேபஸைக் கவிழ்த்தது. நாற்பது வருஷம் அப்பா வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வராதா என்று காத்து வளர்ந்த மனுஷன். அந்தப் புகழ்ச்சியில் உச்சி குளிர்ந்துபோனார். சொல்ல வேண்டியது நாக்கு நுனியில்தான் இருந்தது. கொஞ்சம் கழித்து, கொஞ்சம் கழித்து என்று தள்ளிக்கொண்டே அறைக்கு வந்து சேர்ந்தார்.

கெசையாவைக் கூப்பிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைச் சால்வையைப் போர்த்திக்கொண்டு வந்து நின்றாள். மேஜை மேல் பாம்பரின் தாள். ஆய்வாளர் அன்பாகத்தான் கேட்டார்.

"ஏம்மா, ஓடற சக்கரத்துல துடைக்கச் சொல்லி யாராவது உன்ன அவசரப்படுத்தினாங்களா?"

அவள் தலையைத் திருப்பி ஜேபஸைப் பார்த்தாள். முறை உங்களுடையது என்கிற பார்வை. ஆய்வாளரும் அவரைப் பார்த்தார். சுவரோரம் நின்ற பாம்பரும் பார்த்தான். ஜேபஸ் வாயைத் திறந்தார். வந்தது இதுதான்:

"கெசையா ரொம்ப நல்ல வேலைக்காரி. பதினெட்டு வருஷமா இருக்கா."

சீ! நல்ல வேலைக்காரியாம்! அந்த நேரத்தில் சும்மா இருந்திருந்தால்கூடக் கொஞ்சம் மரியாதை மிஞ்சியிருக்கும்.

கெசையா இன்னும் கொஞ்ச நேரம் காத்தாள். பிறகு ஆய்வாளர் பக்கம் திரும்பி, "யாரும் அவசரப்படுத்தலைங்க. என் தப்புதான்" என்றாள். இடக்கையால் பேனாவைப் பிடிக்கத் தெரியாமல் பிடித்து, தாளில் ஒரு கோணல் சிலுவை போட்டாள். மை சிந்தியது. "மன்னிச்சுக்குங்க" என்று அந்த மைக்காக ஆய்வாளரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வெளியே போனாள்.

நான்கு நாள் ஜேபஸ் சாப்பிடவில்லை. சாப்பாட்டு மேஜையில் உருளைக்கிழங்குக் கறி வந்து, ஆறி, திரும்பிப் போனது. வீட்டு வேலைக்காரி, "ஐயாவுக்கு வயித்துல ஏதோ கோளாறு" என்று டாக்டரைக் கூப்பிடப் பார்த்தாள். வெள்ளிக்கிழமை ஆலைக்குப் போகும் வழியில் ஆட்கள் வழக்கம்போலத் தொப்பியைத் தொட்டார்கள். ஒவ்வொரு தொப்பியும் அவருக்கு முள்ளாகக் குத்தியது. ஊரில் பேச்சு இப்படி ஓடியது: பாவம் கெசையா, அவசரக்குடுக்கை, நல்லவேளை முதலாளி சாமர்த்தியமாப் பேசி நம்ம பந்தயத்தக் காப்பாத்திட்டார். அவளுக்கு முதலாளி மாதாமாதம் ஏதாவது கொடுப்பார் என்றும் சொன்னார்கள். அவர் கொடுத்தனுப்பியதை அவள் வாங்காமல் திருப்பிவிட்டாள் என்பது யாருக்கும் தெரியாது. அந்தச் சனிக்கிழமையும் மைதானத்துக் கம்பத்தில் கொடி ஏறியது, நூற்புத் தளத்தின் நீலக் கொடி. நிறுத்துங்கள் என்று சொல்ல அவருக்கு ஒரு காரணம் சொல்ல வேண்டியிருந்தது. அதைச் சொல்லத்தான் வாய் இல்லையே.

ஞாயிறு மாலை சபையில் அன்பின் விருந்து. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருவது. கேக் ரொட்டியும் இரண்டு கைப்பிடி வைத்த குவளையில் தண்ணீரும் வரிசையாகச் சுற்றி வரும். மனசு உந்தியவர்கள் எழுந்து சாட்சி சொல்லுவார்கள். குடித்ததை, அடித்ததை, பெற்றவளை ஏமாற்றியதைச் சொல்லி அழுவார்கள். சபை ஆமென் சொல்லித் தாங்கிக்கொள்ளும். குவளை தம் வரிசைக்கு வந்தபோது ஜேபஸ் எழுந்தார்.

எல்லாவற்றையும் சொன்னார். கடிகாரத்தோடு நின்றதை, மாடியேறாததை, கூச்சலை வெற்றிக் கூச்சல் என்று நினைத்துக் கொடி தூக்கியதை, புதன்கிழமை ஆய்வாளர் முன்னால் ஊமையானதை. ஒன்றையும் ஒளிக்கவில்லை. சொல்லும்போதே விம்மினார். ஐம்பத்தைந்து வயது முதலாளி குழந்தை மாதிரி அழுவதை அந்தச் சபை அதுவரை பார்த்ததில்லை.

"ஆமென்!" என்றார் முன்வரிசையிலிருந்து சபைப் பெரியவர்களில் ஒருவரான கிழவர் ஹெஸ்கத். "ஆமென், ஆமென்!" என்று நாலு பக்கமும் எழுந்தது. பெண்கள் சால்வை முனையால் கண்ணைத் துடைத்தார்கள். "தொழிலாளி தப்பத் தன் தலைமேல போட்டுக்கறாரு பாரு! இப்படி ஒரு மனசு யாருக்கு வரும்?" என்று ஒருத்தி பக்கத்துக்காரியிடம் உரக்கவே சொன்னாள். ஹெஸ்கத் வந்து கட்டிக்கொண்டார். மேஸ்திரி பாம்பர்கூட மூக்கைச் சிந்தினான். யாரோ ஒரு துதிப்பாட்டைத் தொடங்க, கூரை அதிர்ந்தது.

ஜேபஸுக்கு நெஞ்சில் இருந்த பாறாங்கல் உருண்டு விழுந்தாற்போல் இருந்தது. நான்கு நாளாக இல்லாத பசி வந்தது. வீட்டில் குளிர்ந்த மாட்டிறைச்சி இருக்கும், கடுகுத் தூக்கலாக இரண்டு துண்டு சாப்பிடலாம் என்ற நினைப்போடு கதவைத் தாண்டி வெளியே வந்தார். அவ்வளவு லேசாகிவிட்டது.

வாசல் கம்பியோரம் கெசையா நின்றிருந்தாள். பின்வரிசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டு முதலிலேயே வெளியே வந்திருந்தாள்.

"கெசையா, நான்..." என்று ஆரம்பித்தார். முகத்தில் இன்னும் ஈரம் காயவில்லை.

"நல்லாத்தான் சொன்னீங்க" என்றாள். "ஒண்ணு விடாமச் சொன்னீங்க. ஆனா ஐயா, புதன்கிழமை எழுதறவரு ஒருத்தர் உக்காந்திருந்தாரு. இங்க ஆமென் சொல்றவங்கதான் உக்காந்திருக்காங்க."

"நான் மனசாரத்தான்..."

"தெரியும். உங்க மனசு லேசாயிடுச்சு, முகத்துலயே தெரியுது. என் பேரு தாள்ல அப்படியேதான இருக்கு?" அவள் சால்வையை இடக்கையால் இழுத்துப் போர்த்த முயன்றாள். அது நழுவியது. ஜேபஸ் உதவ நீட்டிய கையைக் கவனியாதவள்போல் மறுபடி இழுத்துச் சொருகிக்கொண்டு, தெருவில் இறங்கிப் போனாள்.

பசி போன இடம் தெரியவில்லை. அவமானம் என்றால் என்ன என்று ஜேபஸ் அன்றுதான் முழுசாகத் தெரிந்துகொண்டார். புதன்கிழமை செய்தது கோழைத்தனம். இன்றைக்குச் செய்தது அதைவிட மோசம். அவளுடைய கையைக் காட்டித் தமக்கு இன்னொரு கைதட்டல் வாங்கிக்கொண்டார்.

திங்கட்கிழமை முதல் ரயிலில் மான்செஸ்டர் போனார். லெஸ்ஸிங்ஹாமுக்கு ஆச்சரியம். விஷயத்தைக் கேட்டதும் அது எரிச்சலாக மாறியது.

"அந்த வழக்கு முடிஞ்சு கட்டி வச்சாச்சு ஆர்மராட். அவளே ஒத்துக்கிட்டா. நீங்க எதுக்கு வலிய வந்து மாட்டிக்கறீங்க?"

"அவ மனசார ஒத்துக்கல. நான் சொல்றேன்னு சத்தியம் பண்ணிட்டுச் சொல்லாம விட்டேன். அதனால ஒத்துக்கிட்டா."

"என் அறிக்கைல உங்க மைதானத்தப் பத்தி எழுதிட்டேனே!"

"அடிச்சிடுங்க" என்றார் ஜேபஸ். அந்த ஒரு சொல்லைச் சொல்ல அவர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும்.

மதியம் வரை பேசிப் பார்த்தார் ஆய்வாளர். மனுஷன் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. கடைசியில் புதுத் தாள் எடுத்து எழுதினார், சிரித்த முகம் இப்போது இல்லை. சட்டப்படி வழக்கு வரும், நீதிமன்றத்தில் நிற்க வேண்டியிருக்கும் என்று எச்சரித்து, உத்தரவின் ஒரு பிரதியை நீட்டினார். ஜேபஸ் அதை இரண்டு முறை படித்துப் பார்த்தார். ஆனால் திருப்பிக் கொடுக்கவில்லை.

ஊர் வந்து சேர்ந்தபோது ஆலை விட்ட நேரம். மே மாத வெயில் இன்னும் கூரைமேல் இருந்தது. திங்கள் துவைப்பு நாள் ஆனதால் தெருவின் குறுக்கே கயிறு கயிறாகத் துணி. மரக்கட்டைச் செருப்புகள் கல்லில் சடசடக்க ஆட்கள் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தார்கள். முதலாளியைக் கண்டதும் முகங்கள் மலர்ந்தன. நேற்றைய சாட்சியின் சூடு இன்னும் ஆறவில்லை. "ஐயா, சனிக்கிழமை கோப்பை நமக்குத்தான்!" என்று ஒருவன் கத்தினான். விரிப்புகளை விலக்கிக்கொண்டு ஜேபஸ் கெசையா வீட்டுப் படியில் ஏறித் தட்டினார்.

அவள் கதவைத் திறந்தாள். பின்னால் ஈனாக், சட்டைக் கையை மடித்துக்கொண்டு.

"மாத்தி எழுதிட்டாங்க" என்று தாளை நீட்டினார்.

"எனக்கு எழுத்து தெரியாது. நீங்களே வாசிங்க."

"உள்ள வந்து..."

"இங்கயே வாசிங்க" என்றாள்.

வாசித்தார். தணிந்த குரல்தான் வந்தது. "கெசையா பில்லிங் மேல எந்தத் தப்பும் இல்ல. ஆலை முதலாளி நடத்திய பந்தயத்தால, ஓடற சக்கரத்தப் பெண்கள் துடைக்க நேர்ந்தது. முழுப் பொறுப்பும் முதலாளி ஜேபஸ் ஆர்மராட்டோடது."

"அப்புறம்?"

அவர் தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இனிமே சனிக்கிழமை பன்னெண்டரைக்கு எஞ்சின நிறுத்தணும். நின்ன பிறகுதான் துடைக்கணும். துடைச்சு முடிச்சு ஒன்றரை மணிக்கு ஆலை மொத்தமும் ஒண்ணா வெளிய போகணும். அதுக்கு முன்னாடி எந்தத் தளமும், எந்த ஆளும் போகக் கூடாது. ஒருத்தர் வேலைய இன்னொருத்தர் தலைல கட்டக் கூடாது. இந்த வாரத்துலேருந்தே."

தெருவில் செருப்புச் சத்தம் நின்றுபோயிருந்தது. விரிப்புகளுக்கு நடுவில் தலைகள் தெரிந்தன.

"ஒன்றரை மணியா?" என்றான் ஒருவன். "இறுதியாட்டத்துக்கு ரயில் பன்னெண்டு நாப்பதுக்குல்ல?"

"அப்ப கோப்பை?"

"கோப்பை போச்சு" என்றான் ஈனாக். வாழ்நாள் முழுக்க அவன் அந்த ஆட்டத்துக்காகத்தான் கை வலிக்கப் பந்து போட்டுப் பழகினான் என்பது ஊருக்கே தெரியும். அக்காவின் கட்டுப்போட்ட கையைப் பார்த்தான். உதட்டைக் கடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

"நேத்துதான் சாட்சி சொல்லியாச்சே! ஆண்டவரே மன்னிச்சாச்சு. இன்னிக்கு மான்செஸ்டர் வரைக்கும் போய்ப் போட்டுக்குடுக்கணுமா?" என்று ஒரு பெண் குரல் கேட்டது. நேற்று கண்ணைத் துடைத்துக்கொண்டவள்தான். கிழவர் ஹெஸ்கத் தம் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினார். தொப்பியைத் தொட்ட எவனும் இப்போது தொடவில்லை. அந்தப் பக்கம் ஒருவன் கல்லில் காறித் துப்பினான். யாரைக் குறித்து என்று சொல்லத் தேவையில்லை.

ஜேபஸுக்குக் காது மடல் எரிந்தது. புல்வெளி வாங்கி, நிரவி, கொட்டகை போட்டு, பதினைந்து வருஷமாகச் சேர்த்த அன்பு கண்ணெதிரே கதவு கதவாகச் சாத்திக்கொண்டு போனது. ஓடிவிடலாம்போல் இருந்தது. தாளை மடிக்கப் போனார்.

"மடிக்காதீங்க" என்றாள் கெசையா. அவள் படியில் அவருக்குப் பக்கத்தில் வந்து நின்றிருந்தாள். கட்டுப் போட்ட கையைச் சால்வைக்குள் மறைக்கவில்லை. "என் பேரு வர்ற இடத்த மறுபடி வாசிங்க."

வாசித்தார்.

"இன்னும் சத்தமா ஐயா. கடைசி வீட்டுக்காரங்களுக்குக் கேக்கல."

ஜேபஸ் ஆர்மராட் மூச்சை இழுத்துக்கொண்டு, முதல் வரியிலிருந்து மறுபடி ஆரம்பித்தார்.